டாக்டருக்குப் படிக்காதவர் தசையை ஆராயலாமா?

மலேசியாவின் பேரா மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கேள்விகளில் கைவைக்கவில்லை.

அவருடைய தந்தை 33 ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். முதலில் பால்மரம் சீவினார், பிறகு செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்குக் கைமாறிய பின் குடும்பம் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு அருகிலுள்ள தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவுவிலை வீட்டுக்குக் குடிவந்தது. 61 வயதாகும் தந்தை இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறார். அவருக்கு நான்கு ஆண்டுகளாக இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். தம்பி ஐந்தாம் படிவத்தில் படிக்கிறான். வாசகி தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, ஆறாம் படிவம் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஊட்டச்சத்துத் துறையில் பட்டம் பெற்றிருக்கிறார். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் 26,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகத் தோட்டப்புற முதியவர்களின் கைப்பிடி வலிமையை அளந்தவர், அதே கருவியை ஒருநாள் தந்தையின் கையிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். முள் 26 கிலோவில் நின்றுவிட்டது.

இப்போது அவர் முன் இரண்டு வழிகள். கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர், உடற்பயிற்சிக்குப் பின் தசை சர்க்கரையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை ஆராயும் ஆய்வுவழி முதுகலைப் படிப்புக்கு அழைத்திருக்கிறார். மாதம் 1,800 வெள்ளி உதவித்தொகை, 24 மாதம். புரதத் தூள் விற்கும் நிறுவனம் ஒன்று 3,200 வெள்ளிச் சம்பளமும் கமிஷனும் தருவதாகச் சொல்லி, இம்மாத இறுதிக்குள் பதில் கேட்கிறது. தந்தையின் கேள்வியை அவர் அப்படியே எழுதியிருக்கிறார்: "டாக்டருக்குப் படிக்காம டாக்டர் பட்டம் வாங்கி என்னம்மா செய்யப் போறே?" இதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்கிறார். ஆய்வு என்றால் மனிதர்களை அறுக்க வேண்டுமா, எலிகளைக் கொல்ல வேண்டுமா, முனைவர் பட்டம் முடித்தால் விரிவுரையாளர் வேலை நிச்சயமா, அப்பாவையே ஆய்வில் சேர்த்துக் குணப்படுத்தலாமா, திருமணம் தள்ளிப்போகுமே என்ற கேள்விகளும் கடிதத்தில் இருக்கின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் மருத்துவம் படித்து, சில ஆண்டுகள் வார்டில் வேலை செய்தபின், உடலியங்கியல் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் போனவன்; தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவனும்கூட. அதனால் உங்கள் அப்பாவின் கேள்வியை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வார்டை விட்டபோது என் வீட்டிலும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள்.

ஒரு சொல், இரண்டு வேலைகள்

மருத்துவருக்கும் முனைவருக்கும் நாம் "டாக்டர்" என்ற ஒரே சொல்லைச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். மருத்துவர் தம் முன் அமர்ந்திருக்கும் ஒருவரின் நோயைப் பார்க்கிறார். ஆய்வாளர் அந்த நோய் ஏன் வருகிறது, எந்த வழியில் குறைகிறது என்ற கேள்வியைப் பல நூறு பேருக்காகக் கேட்கிறார். முன்னதைச் செய்ய முடியாதவர்கள் போய்ச் சேரும் இடமில்லை பின்னது. தசையின் வெப்பத்தை அளந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ.வி. ஹில், கேம்பிரிட்ஜில் முதலில் கணிதம் படித்தவர். தசையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் தேவைக்கேற்பத் திறப்பதைக் கண்டறிந்து 1920-இல் அதே பரிசைப் பெற்ற டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ, விலங்கியலாளர். இத்துறையின் அடித்தளத்தில் அவர்கள் இருவரும் வைத்த கற்கள் இன்றும் இருக்கின்றன. ஊட்டச்சத்துப் பட்டம் இந்தத் துறைக்குள் நுழையப் போதுமான வாசல்; உங்களுக்கு அதில் ஐயம் வேண்டாம்.

உங்களால் செய்ய முடியாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மருந்து எழுதித் தர முடியாது. நோயைக் கண்டறிந்து சொல்ல முடியாது. முனைவர் பட்டம் பெற்ற பிறகும் இது மாறாது. ஆனால் உங்கள் கையில் இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் ஊட்டச்சத்து நிபுணரையும் உணவியல் நிபுணரையும் பதிவு பெற வேண்டிய தொழில்களில் சேர்த்திருக்கிறது. உங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்த்து, ஆய்வுக்குப் போனாலும் போகாவிட்டாலும், அந்தப் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுப் பணம் நின்றுபோகும் ஒரு காலம் வந்தால் நிற்பதற்கு இன்னொரு கால் வேண்டும்.

அப்பாவின் கெண்டைக்கால்

"முன்னே கல்லு மாதிரி இருந்த கெண்டைக்கால், இப்ப கைலி மாத்தும்போது பார்த்தா கொடிக்கம்பு மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் ஆய்வுக் கேள்வி. விரிவுரையாளர் தந்த தலைப்பைவிட இது தெளிவாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"உழைச்ச உடம்பு, எனக்கெதுக்கு எக்சர்சைஸ்" என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உழைத்த உடம்பு என்பது உண்மை. நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து ஓலையையும் குலையையும் வெட்டி, விழுந்த குலையைத் தூக்கிப் போட்டு, உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்கிய உடம்பு அது. ஆனால் உழைப்பைத் தசை வைப்புத்தொகையாகச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் அவர்களிடம் மளமளவென்று சரிந்தது. 30 ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அந்த 30 ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது தெரியவந்தது. உங்கள் அப்பா படுக்கவில்லை. ஆனால் இரவு முழுவதும் ஜாகா கொட்டகையின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தட்டிலுள்ள சோறோ குலை வெட்டிய காலத்து அளவிலேயே இருக்கிறது.

அந்தச் சோற்றின் சர்க்கரை எங்கே போகிறது? உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்புத்தசை. சாப்பிட்டபின் இன்சுலின் சுரக்கும்போது இரத்தச் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் இடம் அதுதான். தசைச் செல்லுக்குள் குளூட்-4 என்ற புரதங்கள் காத்துக்கிடக்கின்றன. அவை செல்லின் ஓரத்துக்கு வந்தால்தான் சர்க்கரை உள்ளே போகும். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டை நினைத்துப் பாருங்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் கூப்பிடும்வரை எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கூப்பிட்டதும் அவரவர் மர நிரைக்குப் போகிறார்கள். இன்சுலின் அந்தக் குரல். இரண்டாம் வகை இனிப்புநீரில் குரல் ஒலிக்கிறது, ஆனால் நிற்பவர்கள் காதில் அது சரியாக விழுவதில்லை. இதில் வியப்பான செய்தி என்னவென்றால், தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே அதே குளூட்-4 ஓரத்துக்கு வருகிறது. அது வேறொரு மணி. இனிப்புநீர் உள்ளவர்களிடமும் அந்த மணி ஒலிக்கிறது. ஒருமுறை நன்றாக நடந்த பின், தசை இன்சுலினின் குரலையும் ஒன்றிரண்டு நாள் முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. குலை வெட்டிய நாள்களில் அப்பாவின் தசையில் இந்த மணி நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. இன்று அடிப்பதில்லை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. 2019-இல் நாடு தழுவிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். தோட்டம் குலைந்து தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் மாறிய ஒரு சமூகத்தின் தசைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை, அந்த மாற்றத்தை வீட்டுக்குள் இருந்து பார்த்த ஒருவர் ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எது உடற்பயிற்சி, எது வேலை, தட்டில் எவ்வளவு சோறு, யார் உண்மையைச் சொல்கிறார், யார் "டாக்டரம்மாவுக்காக" குறைத்துச் சொல்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குக் கேள்வித்தாள் இல்லாமலே புரியும்.

ஆய்வகத்தில் உண்மையில் என்ன நடக்கும்

மனிதர்களை அறுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது தசைத் திசு எடுக்கும் முறையாக இருக்க வேண்டும். சுவீடனின் யோனாஸ் பெரிஸ்ட்ரோம் 1962-இல் இதற்கான ஊசியை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தொடையின் வெளிப்புறத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, பென்சிலைவிடச் சற்று மெல்லிய ஊசியைச் செலுத்தி, நாலைந்து அரிசிமணி எடையுள்ள திசுவை எடுப்பார்கள். இதைச் செய்பவர் பயிற்சி பெற்ற மருத்துவர்; நீங்கள் அல்ல. உங்கள் வேலை அதற்கடுத்த நொடியில் தொடங்குகிறது. அந்தச் சிவந்த துணுக்கில் ஒட்டியிருக்கும் இரத்தத்தையும் கொழுப்பையும் நீக்கி, வெண்புகை எழும் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 பாகையில், உடனே போட்டுவிட வேண்டும். கை தடுமாறித் தாமதித்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் மாறிவிடும். மாறிவிட்ட பின் அளந்து பயனில்லை. முதல் தடவை என் விரல் நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

பெரிஸ்ட்ரோமும் சக ஆய்வாளர் எரிக் ஹல்ட்மனும் 1966-இல் செய்த சோதனையை வாசித்துப் பாருங்கள். அது இரண்டே பக்கம். ஒரே சைக்கிளின் இருபுறமும் இருவரும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் (தசை சேமித்துவைக்கும் சர்க்கரை), ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சேர்ந்திருந்தது. இரத்தமும் ஒன்று, உணவும் ஒன்று, ஆளும் ஒருவரே. கால் மட்டும் வேறு. உழைத்த தசைக்குள்ளேயே ஏதோ மாறுகிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதில்லை. நல்ல ஆய்வுக்கு விலையுயர்ந்த இயந்திரம் மட்டும் போதாது, கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்கு இதைக் காட்டித்தான் பாடம் தொடங்குவேன்.

எலிகளைப் பற்றி: சில ஆய்வுகளில் ஆம். ஓடவைக்கப்பட்ட எலிகளின் தசையில், செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் பெருகுவதை ஜான் ஹாலசி 1967-இல் காட்டியதிலிருந்துதான் பயிற்சியின் உயிர்வேதியியலே தொடங்கியது. உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால் அது குறையல்ல; மனிதர்களை மட்டுமே வைத்து நடக்கும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் கழித்துச் சொல்லாதீர்கள். முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

அதிகம் பேசப்படாத பகுதி காத்திருப்பு. மனிதர்களை ஆராய ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து நோயாளிகளைச் சேர்க்க வேண்டுமானால் சுகாதார அமைச்சின் பதிவும் ஒப்புதலும் தனி. இதற்கு மாதங்கள் போகும். அதன்பின் வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள். ஒரே பரிசோதனை ஐந்தாம் முறையும் தோற்கும். இரண்டு ஆண்டு என்பது வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் நீளம்.

நீங்கள் இணைத்திருந்த ஆய்வு முன்மொழிவில் ஒரு திருத்தம். உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு "லாக்டிக் அமிலம் தேங்குவதே" காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பலகாலம் பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. தவறு உங்களுடையது இல்லை. உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவமான லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ ஒரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது. பழக்கமில்லாத வேலையில், குறிப்பாகப் பாரத்தை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தை இழுத்துப் பிடிப்பதால் ஏற்படும் நுண்காயங்களும் அவற்றைத் தொடரும் அழற்சியும்தான் அந்த வலி. லாக்டேட் கழிவும் இல்லை. இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. அனுப்புமுன் அந்தப் பத்தியை மாற்றிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

உதவித்தொகையைச் சம்பளமாக எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் மாணவருக்கான உதவிப்பணம். அதில் ஊழியர் சேமநிதி இருக்காது, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பும் இருக்காது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்ற விதியை அதோடு ஒப்பிட்டு "அதைவிட நூறு வெள்ளி கூடுதல்" என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை. 1,800 வெள்ளியில் வாடகையும் சாப்பாடும் பேருந்தும் போனபின் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பமாகவே இருக்கும். இதை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பாருங்கள். தம்பியின் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் வரும் செலவையும் அதே தாளில் சேருங்கள்.

விரிவுரையாளரிடம் கேட்க வேண்டியவற்றை நேராகவே கேட்கலாம். நல்ல மேற்பார்வையாளர் இதற்குக் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். இந்த 24 மாதப் பணம் எந்த ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது, அந்த மானியம் எப்போது முடிகிறது? உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியங்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கே உரியவை. அதில் ஓராண்டு ஏற்கெனவே கழிந்திருந்தால், உங்கள் கடைசி மாதங்களுக்கு யார் தருவார்? கல்விக்கட்டணம் மானியத்தில் அடங்குமா? அவரிடம் இதற்குமுன் படித்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வுக்கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும்? பதில்களை வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரோடு, அவர் அருகில் இல்லாத நேரத்தில், ஒரு தேநீர் குடியுங்கள். அரை மணி நேரத்தில் கிடைக்கும் செய்தி எந்த இணையப் பக்கத்திலும் கிடைக்காது.

பி.டி.பி.டி.என். கடனுக்கு 1 விழுக்காடு உஜ்ரா எனும் சேவைக் கட்டணம் உண்டு. மேற்படிப்பைக் காரணம் காட்டி ஒத்திவைப்புக்கு விண்ணப்பியுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒத்திவைக்கப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

முனைவர் பட்டம் முடித்தால் விரிவுரையாளர் வேலை தானாக வரும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு; பட்டம் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அதனால் முதுகலையை மட்டும் இலக்காக வைத்துத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேலை சிறப்பாக இருந்தால் அதை முனைவர் படிப்பாக மாற்ற வழி உண்டு. பிடிக்கவில்லையென்றால் முதுகலையோடு வெளியே வரலாம். வெளியேயும் வேலை இருக்கிறது. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2012-இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா வழியாக மருத்துவமனைகளில் நடக்கும் மருந்தாய்வுகளை ஒருங்கிணைக்க ஆள் தேவைப்படுகிறது. நெறிமுறைக் குழுவுக்கு எழுதவும், தன்னார்வலர்களிடம் பொறுமையாகப் பேசவும், எண்களைப் பிழையில்லாமல் பதியவும் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்புண்டு.

திருமணத்தைப் பற்றி இரண்டே வரி. முதுகலை முடிக்கும்போது உங்களுக்கு 26 வயது. பெண் பார்க்க வருபவர்களிடம் "இரண்டு வருசம் படிப்பு இருக்கு" என்று சொல்ல வீட்டில் ஒருவராவது துணைக்கு இருக்கிறாரா என்று பாருங்கள்; அந்த ஒருவர் அம்மாவாக இருப்பார் என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

புரதத் தூள் வேலை

சம்பளத்துக்காக வேலைக்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. குடும்பத்துக்குப் பணம் உடனே தேவையென்றால் ஓராண்டு வேலை செய்துவிட்டு ஆய்வுக்கு வரலாம், கதவு மூடிவிடாது. எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வேறொன்று. கோயில் மண்டபத்தில் வெள்ளை அங்கியோடு இலவசமாக இரத்தச் சர்க்கரை பார்த்து, "இந்தத் தூள் இனிப்புநீரைக் குறைக்கும்" என்று சொல்லி, டின் 180 வெள்ளிக்கு விற்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம் மற்றும் விற்பனைச் சட்டம், நீரிழிவு உள்ளிட்ட சில நோய்களுக்குச் சிகிச்சையாகப் பொருள்களைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. விளம்பரம் என்பது பத்திரிகையில் அச்சிட்டது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மேடையில் பேசுபவர் நீங்கள், பெயர் அட்டையில் இருப்பது உங்கள் பட்டம். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களோ உங்கள் அப்பாவைப்போல் மாத்திரை சாப்பிடும் தோட்டத்து மனிதர்கள்; உங்கள் வார்த்தையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாரம் நிறுவனத்தின் தோளுக்குப் போகாது.

புரதத் தூளே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மோர்ப்புரதம் தசை வளர்வதற்கு நல்ல உணவுதான். பசியற்ற முதியவர்களுக்கும் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கும் அது கைகொடுக்கும். ஆனால் தசை வளர்வது தூளால் மட்டும் இல்லை. தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், கொடுத்தபின் உணவு வேண்டும். ஆரோக்கியமான முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் போதுமானது. உங்கள் அப்பாவின் 62 கிலோவுக்கு அது 62 முதல் 74 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் தெம்பேயில் (புளிக்கவைத்த சோயாவில்) ஏறக்குறைய 19 கிராம். மீன், நெத்திலி, பருப்பு, தௌஹு (சோயாக்கட்டி) எல்லாம் உங்கள் தாமான் சந்தையிலேயே இருக்கின்றன. நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: நோயைக் குணப்படுத்தும் என்று எதையும் சொல்லாமல், உணவாக மட்டும் இதை விற்க எழுத்து மூலம் அனுமதி தருவீர்களா? தந்தால் வேலையைப் பரிசீலிக்கலாம். தராவிட்டால், என் கருத்தில், 3,200 வெள்ளி மிகக் குறைந்த விலை.

அப்பாவை ஆய்வில் சேர்ப்பது

வேண்டாம். உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆய்வில் சேர்பவருக்கு எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை இருக்க வேண்டும். மகளின் படிப்பு தம் தொடையில் இருக்கிறது என்று தெரிந்த தகப்பன் ஒருபோதும் விலக மாட்டார்; வலித்தாலும் சொல்ல மாட்டார். அவர் தரும் எண்ணை நீங்களும் நடுநிலையோடு படிக்க முடியாது. நெறிமுறைக் குழுவும் இதை ஏற்காது. மேலும் ஆய்வு குணப்படுத்துவதற்காக நடப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பயிற்சி கொடுக்காமல் வைக்கும் குழுவில் அவர் சேர்க்கப்பட்டால் என்ன செய்வீர்கள்?

அவரை மகளாகக் கவனியுங்கள். அதற்கு இன்றே தொடங்கலாம். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதிக் கிளினிக் மருத்துவரிடம், "அப்பா நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் தொடங்கப் போகிறார், அளவை மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள். கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். இரவு முழுவதும் தனியாக இருக்கும் ஜாகாவுக்கு அது ஆபத்து. சிறுநீரகப் பரிசோதனையின் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். கால் பாதத்தைத் தினமும் பாருங்கள். பழைய சிலிப்பரோடு நடக்கவிடாதீர்கள்.

பிறகு, "உடற்பயிற்சி" என்ற சொல்லையே அவரிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவருக்குப் பணக்காரர் வீட்டுச் சொல்லாகக் கேட்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். ஜாகா கொட்டகை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை செய்யட்டும். அது தொடைத் தசைக்கு நல்ல வேலை, அவருடைய பணிக்கும் இடைஞ்சலில்லை. தட்டில் சோற்றின் கால்பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முட்டையோ மீனோ வைக்க அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் அளந்த 26 கிலோவைப் பற்றி ஒரு வார்த்தை. தசை நலிவு இருக்கிறதா என்று பார்க்க ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் நோய் உறுதி என்று பொருளில்லை; மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள். கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி ஒரு தையல் நாடாவைப் பிடித்துப் பாருங்கள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, அடுத்த முறை இரத்தம் எடுக்கக் கிளினிக்குக்குப் போகும்போது அவருடைய சட்டைப்பையில் வையுங்கள். அவருடைய இனிப்புநீர்ப் புத்தகத்தில் அவற்றுக்குக் கட்டம் இருக்காது. மருத்துவரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.